வீதிக்கு அடியில் தண்ணீருக்கும் ஒரு வழி

மட்டக்களப்பு நகரிலிருந்து வவுணதீவுக்குப் போகும் வீதி நீளமானதல்ல. திமிலைதீவுப் பக்கமாக வந்து வலையிறவுப் பாலத்தைத் தாண்டினால் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை. மோட்டார் சைக்கிளில் ஆறுதலாகப் போனாலும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிடலாம். முதலில் மதில் கட்டிய புது வீடுகள், கிரவல் கொட்டி உயர்த்திய வளவுகள், இரும்புக் கடைகள். பிறகு இருபுறமும் தண்ணீர், கண்டல் புதர், பாலத்தடியில் இடுப்பளவு நீரில் நின்று வலை வீசும் ஆட்கள். அக்கரையில் வயல் வட்டைகள். நகரத்திலிருந்து கிராமத்துக்கு இவ்வளவு விரைவாக இறங்கும் வீதிகள் இலங்கையில் அதிகமில்லை.

போர்க்காலத்தில் வவுணதீவு ஒரு எல்லையாக இருந்தது. 2007-க்குப் பிறகு அந்த எல்லை இல்லாமற்போனது, போக்குவரத்து பெருகியது. மண்முனையில் வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிச் சென்ற ‘பாதை’ என்ற மிதவைக்குப் பதிலாக 2014-இல் ஜப்பானிய உதவியுடன் பாலம் வந்தது. நகரம் கிழக்கே வளர முடியாது, அங்கே கடல். மேற்கே வளர்ந்தால் மட்டக்களப்பு வாவியைக் கடந்தாக வேண்டும். ஆகவே இனி வரப்போகும் வீதிகள் பலவும் வவுணதீவு வீதியின் சுபாவத்தைக் கொண்டவையாகவே இருக்கும்: தாழ்ந்த நிலத்தில், களிமண்ணின் மேல், தண்ணீருக்குக் குறுக்கே. இப்படிப்பட்ட வீதி வாகனங்களுக்காகப் போடப்பட்டாலும், அது எத்தனை வருடம் தாங்கும் என்பதைத் தண்ணீர்தான் முடிவு செய்கிறது. இந்த ஒன்றைச் சரியாக விளங்கிக்கொண்டால் பாலத்தடி மேட்டிலிருந்து மாரிகாலத்து வெள்ளம் வரை இந்த வழியில் கண்ணில் படும் பலவும் ஒரே கதையின் பகுதிகள் என்று தெரியும்.

பாலத்திலிருந்து தொடங்கலாம். வாவி மேல் உள்ள எந்தப் பாலத்தில் ஏறினாலும், ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும் வாகனம் ஒருமுறை தூக்கிப் போடுவதை உணர்ந்திருப்பீர்கள். பின்சில்லு மேலே எழும்பும், முட்டைத் தட்டு கொண்டு போகிறவர் கையை இறுக்குவார். பாலம் கட்டியவர் ஏதோ அளவில் பிழை விட்டுவிட்டார் என்று பொதுவாகச் சொல்வார்கள். பெரும்பாலும் அப்படியில்லை. பாலத்தின் கால்கள் மெதுவான களியைத் துளைத்துக்கொண்டு கீழே உள்ள இறுகிய படை வரை போய் நிற்கின்றன, அவை அசைவதில்லை. பாலத்தை நோக்கி ஏறிவரும் மண்மேடோ அந்தக் களியின் மேலேயே கிடக்கிறது. மேட்டின் பாரம் களியை அழுத்துகிறது, களி மெல்ல மெல்ல இறங்குகிறது. ஒன்று நிற்க மற்றது இறங்கினால் இடையில் ஒரு படி விழத்தான் செய்யும்.

களி ஏன் உடனே இறங்காமல் வருடக்கணக்கில் இறங்குகிறது? ஈரத்துணியை முறுக்கினால் தண்ணீர் உடனே கொட்டும். களிமண்ணைப் பிழிந்தால் அது அவசரப்படாது. களியின் துகள்கள் மிக நுண்ணியவை, அவற்றுக்கிடையிலான துளைகளும் அப்படியே. மேலே பாரம் ஏறியதும் அதை முதலில் தாங்குவது துகள்களல்ல, துளைகளில் அடைபட்ட நீர். அந்த நீர் அழுத்தத்துடன் வெளியேற வழி தேடி ஊர்ந்து போகிறது. அது போகப் போகப் பாரம் துகள்களின் மேல் இறங்கி, அவை நெருங்கி, நிலம் தாழ்கிறது. இதைக் கணக்காக்கியவர் கார்ல் டெர்சாகி. இஸ்தான்புல்லில் கற்பித்துக்கொண்டிருந்த காலத்தில் எளிய கருவிகளை வைத்துக் களிமண்ணைச் சோதித்து, 1925-இல் அவர் வெளியிட்ட நூலிலிருந்துதான் இன்றைய மண் இயக்கவியல் தொடங்குகிறது. அவருடைய கணக்கில் வீதி போடுகிறவர் மனத்தில் எழுதிவைக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு: களிப் படையின் தடிப்பு இரண்டு மடங்கானால், அது இறங்கி முடிய எடுக்கும் காலம் நான்கு மடங்காகும். நீர் போக வேண்டிய தூரமும் கூடுகிறது, அதைத் தள்ளும் அழுத்தச் சரிவும் குறைகிறது. இரண்டும் சேர்ந்துதான் நான்கு.

இதற்கு மருந்து இல்லாமலில்லை. தேவைக்கு அதிகமாக மண்ணைக் குவித்து மாதக்கணக்கில் வைத்திருந்து, நிலம் இறங்கியபின் மேலதிக மண்ணை அகற்றிவிட்டு வீதி போடலாம். களிக்குள் செங்குத்தாக வடிகால் பட்டிகளை இறக்கி நீர் போகும் தூரத்தைக் குறைக்கலாம். தெற்கு அதிவேக வீதியும் கொழும்பு–கட்டுநாயக்க அதிவேக வீதியும் சதுப்பு நிலங்களைக் கடக்கும் இடங்களில் மண் இறுகக் காத்திருந்தே வேலை செய்தார்கள். அந்தப் பொறுமைக்குப் பணம் வேண்டும், காலம் வேண்டும். சிறிய வீதிகளுக்கு இரண்டும் கிடைப்பதில்லை; அதனால் பாலத்தடிப் பள்ளத்தில் சில வருடங்களுக்கு ஒருமுறை தார்க் கலவையைப் போட்டு நிரப்பிக்கொண்டே இருக்கிறோம். நிரப்பும் கலவைக்கும் பாரம் உண்டு. அதுவும் களியை அழுத்துகிறது.

பாலத்தைக் கடந்து வவுணதீவுப் பக்கம் போகும்போது எதிரே டிப்பர்கள் வரும். மணல், கிரவல், கல் எல்லாம் மேற்கிலிருந்துதான் நகரத்துக்கு வருகின்றன. வளரும் நகரம் தன்னைக் கட்டிக்கொள்ளும் பொருளையே தன் வீதியால் இழுத்து வருகிறது. அந்த இழுவைக்கு வீதி கொடுக்கும் விலை நம் ஊகத்தைவிடப் பெரியது. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை ஒரு பெரும் பரிசோதனை நடந்தது. வேண்டுமென்றே பலவிதத் தடிப்புகளில் வீதிகளைப் போட்டு, வெவ்வேறு பாரமேற்றிய லொறிகளை இராணுவ வீரர்களைக் கொண்டு இரவு பகலாக ஓட்டி, எந்த வீதி எப்போது உடைகிறது என்று பார்த்தார்கள். கிடைத்த விடை, அச்சின் பாரம் கூடக் கூட வீதிக்கு வரும் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கில் ஏறுகிறது என்பது. பாரம் இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு.

ஒரு சிறிய காரின் அச்சில் முக்கால் தொன் பாரம் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் நியம லொறி அச்சு 8 தொன்னுக்குச் சற்றுக் கூட. விகிதம் பதினொன்றுக்குக் கிட்ட. அதன் நான்காம் அடுக்கை எடுத்தால் ஒரு லொறி அச்சின் ஒரு பயணம் ஏறத்தாழ 14,000 கார் அச்சுகளின் பயணத்துக்குச் சமம். வரம்புக்கு மேல் ஏற்றிய டிப்பர் என்றால் எண்ணிக்கை இன்னும் தாவும். மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் இந்தக் கணக்கில் சேர்வதே இல்லை. பாடசாலைக்குப் போகும் ஆசிரியையும் பால் கொண்டுவரும் தம்பியும் குழிகளில் விழுந்து எழும்புகிறார்கள். அந்தக் குழியைத் தோண்டியதில் அவர்களுக்குப் பங்கில்லை.

ஆனால் பாரம் மட்டும் தனியாக இதைச் செய்வதில்லை. காப்பெட் என்று நாம் சொல்லும் கறுப்புப் படை மெல்லியது, ஓரிரு அங்குலம். உண்மையில் பாரத்தைத் தாங்குவது அதன் கீழே உள்ள உடைகல்லும் கிரவலும். கல்லோடு கல் அழுந்தி உராயும்வரை அது உறுதியாக நிற்கும். இடைவெளிகளில் நீர் நிறைந்துவிட்டால் சில்லு கடக்கும் கணத்தில் அந்த நீர் பாரத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. கற்களின் பிடி அந்தக் கணத்துக்குத் தளர்கிறது. அழுத்தப்பட்ட நீர் வெடிப்பு வழியே மேலே பீறிடும், வரும்போது நுண்மண்ணையும் அள்ளி வரும். மழை விட்ட காலையில் இந்த வீதியின் வெடிப்புகளைக் குனிந்து பாருங்கள். ஒவ்வொரு வெடிப்பின் இரு ஓரத்திலும் பழுப்பு நிறச் சேறு மெல்லிய கோடாகப் படிந்திருக்கும். அது வெளியிலிருந்து வந்த சேறல்ல, வீதியின் உள்ளிருந்து போன மண். போன இடம் வெற்றிடமாகி, மேலே உள்ள காப்பெட் தாங்க ஆளில்லாமல் முறிந்து, அடுத்த மழைக்குள் குழி பிறந்துவிடும். காய்ந்த வீதியில் பல வருடம் ஓடக்கூடிய அதே லொறிகள், நனைந்த வீதியை ஒரே மாரியில் முடித்துவிடும்.

நீர் மேலிருந்து மட்டும் வருவதில்லை. வண்டல் மண்ணில் நீர் தானாகவே ஒரு மீற்றருக்கு மேல் ஏறும். துகள்களுக்கிடையிலான நுண்குழாய்கள் அதை இழுக்கின்றன. பருத்த உடைகல்லில் சில சென்ரிமீற்றர்தான் ஏறும். வாவியோர வீதியில் அடியில் பருத்த கல்லோ மணலோ ஒரு படையாக இல்லாவிட்டால், வெள்ளம் ஏறாத வருடத்திலும் வீதியின் வயிறு நனைந்தே இருக்கும். எத்தனை தடவை மேலே காப்பெட் போட்டாலும் அந்த நனைவு போகாது.

வவுணதீவிலிருந்து உள்ளூர்களுக்குப் பிரியும் கிரவல் வீதிகளில் தண்ணீரின் மறுபக்கத்தைக் காணலாம். கோடையில் அந்த வீதிகளில் குறுக்காக வரிவரியாக மேடு பள்ளம் எழும்பி, வாகனம் முழுவதும் அதிரும். வரிக்கு வரி இரண்டு மூன்று சாண் இடைவெளி, அளந்து வைத்ததுபோலச் சீராக இருக்கும். யாரும் அப்படி அமைக்கவில்லை. சில்லு ஒரு சிறு மேட்டில் ஏறித் துள்ளி, சற்றுத் தள்ளி விழுந்து, விழுந்த இடத்தில் மண்ணைக் குழித்து முன்னால் தள்ளுகிறது. தள்ளிய மண் அடுத்த மேடு. பின்னால் வரும் சில்லும் அதே இடத்தில் துள்ளும். 2007-இல் ரொறன்ரோவின் ஸ்டீவன் மொரிஸும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் சுழலும் மேசையில் மணலைப் பரப்பி அதன்மேல் ஒரு சில்லை ஓட்டிப் பார்த்தார்கள். வில்லும் அதிர்வுதாங்கியும் இல்லாத வெறும் சில்லுகூட வரிகளை உண்டாக்கியது. ஒரு குறைந்த வேகத்துக்குக் கீழே மட்டும் வரி வரவில்லை, அந்த வேகமோ நடையைவிடச் சற்றே கூடியது. ஆகவே வேகத்தைக் குறைத்துத் தப்பலாம் என்பது நடைமுறையில் வராது. ஈரமும் சிறிதளவு களியும் இருந்தால் துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், வரி பிந்தும். அதனால்தான் நல்ல கிரவலில் கொஞ்சம் களி கலந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அளவாக இருந்தால் வீதியைக் கட்டிவைக்கும் அதே நீர், அடைபட்டு நின்றால் அதைக் கரைக்கிறது.

இனி மதகுகள். இந்தப் பயணத்தில் கண் படாமல் போவதும், அதிகம் பேசப்பட வேண்டியதும் அவைதாம்.

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. ஆழம் மிகக் குறைவு, பல இடங்களில் ஆள் மட்டம்கூட இல்லை. வருடத்தில் ஏறத்தாழ 1,700 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பங்கு நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் வடகீழ்ப் பருவக்காற்றோடு கொட்டுகிறது. மேற்கே உன்னிச்சைப் பக்கத்துக் காடுகளிலும் குளங்களிலும் வட்டைகளிலும் விழும் மழையில் வழிந்தோடும் நீர் சில வாரங்களுக்குள் வாவிக்கு வந்து கடலைத் தேட வேண்டும். அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே உயர்த்திய மண்மேடாக வீதி கிடக்கும்போது, அதற்கு ஒரு அணையின் குணம் வந்துவிடுகிறது. அணைக்கு மதகுதான் வாய்.

மதகு சிறிதாக இருந்தால் மேற்பக்கம் நீர் தேங்கி, கீழ்ப்பக்கத்தைவிட மட்டம் உயரும். வெறும் 20 சென்ரிமீற்றர் வித்தியாசம் போதும், மதகு வழியே நீர் வினாடிக்கு ஏறத்தாழ 2 மீற்றர் வேகத்தில் பாயத் தொடங்கும். அந்த வேகம் வெளிவாயில் மணலை அரித்துக் குழி போடும், குழி பின்னோக்கி வளர்ந்து மதகின் அத்திவாரத்தைத் தொடும். மட்டம் இன்னும் ஏறினால் நீர் வீதியின் மேலாகவே பாயும். அப்போது முதலில் அழிவது நீர் இறங்கும் பக்கத்து ஓரம். மண் அடியில் போய்விட, காப்பெட் மட்டும் விளிம்பில் கூரையாக நீட்டிக்கொண்டு நிற்கும். கலங்கல் நீருக்கடியில் அது தெரியாது. வீதி அங்கே இருக்கிறது என்று நம்பி ஓரமாக ஒதுங்கும் வாகனம் இறங்கிவிடும்.

ஓடும் நீரின் வலுவை நாம் குறைவாகவே மதிக்கிறோம். ஆயிரம் கிலோ எடையுள்ள ஒரு கார், நான்கு மீற்றர் நீளமும் ஒன்றரை மீற்றருக்குச் சற்றுக் கூடிய அகலமும் கொண்டது என்றால், அதன் அடித்தட்டுக்கு மேல் நீர் ஏறும் ஒவ்வொரு 10 சென்ரிமீற்றரும் 600 கிலோவுக்கு மேல் தூக்கிவிடும். முழங்காலளவு நீர் வருமுன்பே சில்லுகளுக்கு நிலத்தோடு பிடிப்பு போய்விடும். மீதியை ஓட்டம் பார்த்துக்கொள்ளும். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு. 2024 நவம்பர் இறுதியில் அம்பாறை மாவட்டத்தின் மாவடிப்பள்ளியில் வெள்ளம் பாய்ந்த வீதியைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு, மதரசா மாணவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். உழவு இயந்திரம் பெரிய சில்லும் உயரமும் உள்ளது, எதையும் கடக்கும் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் ஆழமாக வேரூன்றியது. அந்தப் பிள்ளைகளை நினைக்கும்போது, வெள்ள நேரத்தில் ஒரு வீதியின் நடுவே கயிறு கட்டி மறிக்கிறவரோடு சண்டைக்குப் போகாதீர்கள் என்று கெஞ்சத் தோன்றுகிறது.

மதகின் அளவைப் பற்றி ஒரு கணக்கு. குழாயின் விட்டம் இரண்டு மடங்கானால் அது கொண்டுபோகும் நீர் இரண்டு மடங்காகாது, நான்கும் ஆகாது, ஆறுக்கு மேல் ஆகும். வாய் பெருப்பதோடு, சுவரில் உராய்ந்து தடைபடும் நீரின் பங்கும் குறைந்துவிடுவதால் வரும் ஆதாயம் அது. தலைகீழாகச் சொன்னால், 900 மில்லிமீற்றர்க் குழாய் ஒன்றை எடுத்துவிட்டு 450 மில்லிமீற்றர்க் குழாய் இரண்டைப் போட்டால் பழைய ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. அதே அளவு நீர் போக ஏழு குழாய் வேண்டும். வீதியை உயர்த்தி அகலமாக்கும் ஒவ்வொரு வேலையிலும் இந்தக் கணக்கை யாராவது உரத்துக் கேட்க வேண்டும். வீதி உயர்ந்து மதகு பழையபடியே இருந்தால், முன்பு மேலாகப் பாய்ந்து போன வெள்ளத்துக்கு இருந்த அந்த வழியும் அடைபடுகிறது. பக்கத்து வளவுகளில் நீர் நாட்கணக்கில் நிற்கிறது.

மதகு வழியே நீர் மட்டும் போவதில்லை. இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் கண்டல் வேர்களுக்கும் வாவியின் திறந்த பரப்புக்கும் இடையே போய்வரும் வாசலும் அதுதான். மதகு வாயில் வலை போட்டுக் காத்திருப்பவர்களுக்கு இது பொறியியலாளர்களைவிட நன்றாகத் தெரியும்.

நகரத்துப் பக்கம் திரும்பி வரும்போது வீதியோரத்தில் புதிதாக நிரப்பிய காணிகளைக் கவனியுங்கள். பத்துப் பேர்ச் காணி 253 சதுர மீற்றர். அதை இரண்டடி உயர்த்த 150 கன மீற்றருக்கு மேல் மண் வேண்டும்; மூன்று கியூப் டிப்பரில் பதினெட்டு லோட். வீடு கட்டுகிறவரைக் குறை சொல்ல முடியாது. 2011 ஜனவரியில் கிழக்கு மாகாணம் உள்ளிட்ட பகுதிகளில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோரைப் பாதித்த அந்த வெள்ளத்தைக் கண்டவர், நிலத்தை உயர்த்தாமல் அத்திவாரம் போடமாட்டார். ஆனால் அந்தப் பள்ளத்தில் முன்பு நின்றிருக்கக்கூடிய ஒன்றரை லட்சம் லீற்றர் தண்ணீர் இனி வேறெங்காவது நிற்க வேண்டும். கொங்கிரீட் போட்டதால் நீர் நிலத்துக்குள் இறங்கவில்லை என்பதுதான் நகர வெள்ளத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். இங்கே மார்கழியில் அது அரைவாசி உண்மைதான். அதற்குள் மண் ஏற்கெனவே நிரம்பிவிட்டது, கொங்கிரீட் இல்லாவிட்டாலும் இறங்காது. வாவியோரத்தில் நாம் இழப்பது முக்கியமாக உறிஞ்சும் நிலத்தையல்ல, நீர் தங்கும் இடத்தை. ஆகவே ஒவ்வொரு வளவிலும் மழைநீர்க் குழி வெட்டுவதால் மட்டும் தீராது. தாழ்ந்த வெளிகளில் சிலவற்றையாவது நிரப்பாமல் காப்பதுதான் பயன் தரும்.

இத்தனைக்கும் மேலே இன்னொரு சாவி இருக்கிறது, அது வவுணதீவில் இல்லை. வாவி கடலில் சேரும் பாலமீன்மடு முகத்துவாரத்தில் கோடை முழுவதும் அலைகள் மணலைக் கொண்டுவந்து குவிக்கின்றன. இலங்கைக் கரையில் வற்றுப்பெருக்கு மிகக் குறைவு, உச்ச நாட்களிலும் இரண்டரை அடியைத் தாண்டாது. அந்தச் சிறு ஏற்ற இறக்கத்துக்கு மணல் திட்டை வாரிக்கொண்டு போகும் வலு இல்லை. வாய் அடைபடும். மழை தொடங்கி வாவி உயரும்போது திட்டை வெட்டித் திறந்துவிட வேண்டும். முதலில் ஒரு சிறு வாய்க்கால் போதும்: வாவி மட்டத்துக்கும் கடல் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் நீரை வேகமாகத் தள்ள, நீர் மணலை அரிக்க, வாய் அகல, இன்னும் அதிக நீர் பாய, சில மணித்தியாலங்களில் வாய்க்கால் ஆறாகிவிடும். பிந்தி வெட்டினால் வயலும் வளவும் மூழ்கும். முந்தி வெட்டினால் வாவி வற்றி மீன்பிடி கெடும், உப்பு ஏறும். எந்த மட்டத்தில் வெட்டுவது என்பதில் விவசாயிக்கும் மீனவருக்கும் ஒரே கருத்து இராது. இருவருடைய கவலையும் நியாயமானது.

அப்படியானால் ஒரு வெள்ளத்தில் வவுணதீவுப் பக்கம் நீர் தேங்கும்போது குற்றவாளி வீதியா, முகத்துவாரமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெரிய கருவி வேண்டாம். மதகு உள்ள இடத்தில் வீதியின் இருபுறமும் மின்கம்பத்திலோ சுவரிலோ, வீதியின் நடுமட்டத்தை அடிப்படையாக வைத்து, சென்ரிமீற்றர் அளவுகோல் ஒன்றை வர்ணத்தால் வரைந்து வைத்தால் போதும். பக்கத்துப் பாடசாலை மாணவர்களே கோடையில் நீர்மட்டக் குழாயைப் பிடித்து இதைச் செய்துவிடலாம். வெள்ளத்தின்போது பாதுகாப்பான மேட்டில் நின்று இரண்டு பக்கத்து அளவையும் நேரத்தோடு குறித்துக்கொள்ள வேண்டும். இரு பக்கத்துக்கும் ஒரு சாண் வித்தியாசம் இருந்தால் மதகு போதவில்லை. பிரதேச சபைக்கோ வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கோ அந்தக் கடதாசியைக் கொண்டுபோய்ப் பெரிய மதகு கேட்கலாம். இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நின்றால் வீதியின் மேல் பிழையில்லை. அப்போது கேட்க வேண்டிய கேள்வி, அன்றைக்கு முகத்துவாரம் எவ்வளவு அகலத்தில் திறந்திருந்தது என்பது.